வடு ஆறிய பின்: குழந்தைகளின் பித்தக்கான் நோயும் பார்வையின் வரலாறும்

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது நம்மவர் வழக்கு. பிறரிடம் குறையே காண்பவனை இடித்துரைக்கும் பொருட்டு இப்பழமொழி ஆளப்படுகின்றது. ஆயின் செங்கமாரி கண்ட சிசுவைப் பொறுத்தவரை, மஞ்சளைக் காண வேண்டிய கண் அதனைச் சூழ நிற்போரின் கண்ணே. தாயின் கண், மருத்துவிச்சியின் கண், வைத்தியரின் கண், அதற்கப்பால் இயந்திரத்தின் கண் என்று அந்தப் பார்வை படிப்படியாக விரிந்து செல்கின்றது. எந்தப் படியில் அது தடைப்படுகின்றதோ அந்தப் படியில் குழந்தை கைவிடப்படுகின்றது.

பித்தக்கானில் பிறவியிலேயே குறைபாடுற்ற குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யும் முறை இன்று உலகெங்கும் வழங்குகின்றது. அதன் வரலாறு பெரும்பாலும் கத்தியின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கத்தியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். வடு சில வாரங்களில் ஆறிவிடும். அதன் பின்னர் அக்குழந்தையின் ஈரலை ஆண்டுதோறும் படம் பிடித்துப் பார்த்து, முந்திய படத்தோடு ஒப்பிட்டு, மாற்றம் உண்டா என ஆராயும் பணி ஆயுள் முழுவதும் நீள்வது. இப்பணியின் வரலாறு பற்றித் தமிழில் அதிகம் பேசப்படவில்லை. மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொல போன்றதோர் ஊரிலிருந்து நோக்கும்போது, நோயாளரின் வாழ்வையும் சாவையும் தீர்மானிப்பது பெரிதும் இப்பின்தொடர் பார்வையே என்பது தெளிவாகும்.

ஈரலில் ஊறும் பித்தம் சிறு கான்களின் வழியே ஒன்றுகூடி, பெருங்கானொன்றின் வழியாகச் சிறுகுடலை அடைகின்றது. உணவின் கொழுப்பைச் செரிக்கச் செய்வதும், மலத்துக்கு அதன் நிறத்தைத் தருவதும் இப்பித்தமே. கான் அடைபட்டால் பித்தம் ஈரலினுள் தேங்கும். கண்ணும் தோலும் மஞ்சளாகும், சிறுநீர் கருமஞ்சளாகும், மலமோ சுண்ணாம்பு கலந்தாற்போல வெளிறும். புதிதாய்ப் பிறந்த குழந்தைகளுட் பலருக்குச் செங்கமாரி தோன்றுவதும் சில நாட்களில் தானே மறைவதும் இயல்பு. இரு வாரங்களுக்குப் பின்னும் அது நீடித்து மலமும் வெளிறுமாயின், அது வேறு நோயென்று கொள்ள வேண்டும். இளவெயில் காட்டுவதாலோ கீழாநெல்லியை அரைத்துப் புகட்டுவதாலோ அடைபட்ட கான் திறப்பதில்லை. அவ்வாறு கழியும் ஒவ்வொரு வாரமும் ஈரல் நாராகிக் கெட்டியாகும் வாரமே.

இத்தகைய பிறவிக் குறைபாடுகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, ஈரலுக்கு வெளியேயுள்ள பித்தக்கான் அழற்சியுற்று அடைந்து மறைந்துபோகும் பித்தக்கான் அடைப்பு நோய். ஐரோப்பாவில் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒன்றாகவும், தாய்வான் போன்ற கிழக்காசிய நாடுகளில் அதைவிடக் கூடுதலாகவும் இது காணப்படுகின்றது. மற்றது, கான் பைபோல வீங்கிப் பருக்கும் பித்தக்கான் நீர்ப்பை. இதுவும் மேற்கைவிட ஆசியாவிலேயே மிகுதி. அத்துடன் ஆண்குழந்தைகளிலும் பார்க்கப் பெண்குழந்தைகளை மூன்று நான்கு மடங்கு அதிகமாகப் பற்றுவது. இறுதியிற் கூறிய செய்தியை வாசகர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

நீர்ப்பை நோயை 1723ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் ஆபிரகாம் வாட்டர் குறித்து வைத்தார். அடைப்பு நோயை 1892இல் எடின்பரோவைச் சேர்ந்த ஜோன் தொம்சன் பல நோயாளரின் விவரங்களைத் திரட்டி விரிவாக ஆராய்ந்தார். அக்காலத்தில் ஆராய்ச்சிக்குக் கிடைத்தவை பெரும்பாலும் இறந்த குழந்தைகளின் உடல்களே. 1916இல் அமெரிக்காவில் ஹோம்ஸ் என்பவர் அத்தகைய பதிவுகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 16 சதவீதமான குழந்தைகளுக்கேனும் சத்திரசிகிச்சை பயன்பட்டிருக்கக்கூடும் என்று எழுதினார். 1928இல் பொஸ்டன் நகரில் வில்லியம் லாட் அதனைச் செயலிலும் காட்டினார். ஆனால் அவரால் காப்பாற்ற முடிந்தது, அடைப்புக்கு மேலே திறந்த கானொன்று எஞ்சியிருந்த சிலரையே. மற்றையோர் ‘திருத்த இயலாதோர்’ என்ற பட்டியலில் இடப்பட்டனர். வயிற்றைத் திறந்து பார்த்து, கான் இல்லையெனக் கண்டு, மறுபடி மூடித் தாயிடம் கொடுத்துவிடுவதே அவர்களுக்குக் கிட்டிய வைத்தியமாயிற்று.

அப்பட்டியலைக் கிழித்தெறிந்த கை, போரால் எரிந்த ஆசிய நகரொன்றிலிருந்து எழுந்தமை சிந்திக்கத்தக்கது. யப்பானின் செண்டாய் நகரம் 1945ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்க விமானக் குண்டுகளால் எரியுண்டது. அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1955இல், அந்நகரின் தொஹோக்குப் பல்கலைக்கழகத்தில் மொரியோ கசாய் என்னும் இளம் சத்திரவைத்தியர், கான் முழுவதும் மறைந்துபோன குழந்தையொன்றுக்குப் புதியதொரு முறையைக் கையாண்டார். ஈரலின் வாயிலில் கான் இருக்க வேண்டிய இடத்தில் நார்த்திரள் ஒன்று மாத்திரமே இருக்கும். அந்நாரினுள் கண்ணுக்குப் புலனாகாத நுண்கான்கள் எஞ்சியிருக்கக்கூடும். நார்த்திரளை ஈரலின் மேற்பரப்போடு ஒட்டச் சீவி, அவ்விடத்திலே சிறுகுடலை நேரடியாகத் தைத்துவிடுவதே அம்முறை. பித்தம் கசியுமாயின் அது குடலுக்குள் விழும்.

கசாயும் அவர் சகாவும் 1959இல் இதனை யப்பானிய மொழியில் வெளியிட்டனர். ஆங்கிலத்தில் அது வெளிவந்தது 1968இலேயே. அதன் பின்னரும் மேலைநாட்டார் பலர் ஐயுற்றனர். கான் இல்லாத இடத்திலிருந்து பித்தம் எவ்வாறு வரும் என்பது அவர்களின் வினா. அதற்கு விடையளித்தவை வாதங்களல்ல. ஆண்டுக்கணக்காகப் பின்தொடரப்பட்ட யப்பானியக் குழந்தைகளின் ஏடுகளே விடையளித்தன. இத்தனை பேருக்கு மலம் நிறம் பெற்றது, இத்தனை பேர் பள்ளி செல்லும் வயதை எட்டினர் என்ற கணக்கு இல்லாதிருந்தால், செண்டாய் நகரின் கண்டுபிடிப்பு உலகின் உடைமையாகியிராது.

அக்கணக்கிலிருந்தே காலத்தின் அருமையும் புலனாயிற்று. பிறந்து 60 நாட்களுக்குள் சத்திரசிகிச்சை பெறும் குழந்தைகளிடம் பித்தம் ஓடும் வாய்ப்பு மிகுதி. நாட்கள் செல்லச் செல்ல அது குறையும். தேர்ந்த நிலையங்களிற்கூடச் சத்திரசிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கே செங்கமாரி முற்றாக நீங்குகின்றது. நீங்கியவர்களுள்ளும் பலருக்குப் பிற்காலத்தில் ஈரல் கெட்டியாகலாம். ஆகவே கசாய் முறை நோயைத் துடைத்தெறிவதன்று. குழந்தைக்கு அவகாசம் ஈட்டித் தருவது. அவ்வவகாசம் எவ்வாறு கழிகின்றது என்பதை எவரேனும் கண்காணித்தே ஆகவேண்டும்.

தொடக்க காலத்தில் இக்கண்காணிப்பு வெறுங்கண்ணால் நிகழ்ந்தது. பித்தத்தை வயிற்றின் வெளியே ஒரு துளை வழியாக வடியவிட்டு, பையிற் சேர்ந்த அளவையும் நிறத்தையும் நாள்தோறும் குறித்து, மறுபடி குடலுக்குட் செலுத்தும் முறையைப் பல சத்திரவைத்தியர்கள் கையாண்டனர். கிருமி மேலேறிப் பித்தக்கானைத் தாக்குவதைத் தடுக்கலாம் என்பதும் அவர்தம் எண்ணம். குழந்தைக்கு அது பெருந்துன்பமாய் முடிந்தது. உப்பும் நீரும் இழந்து பலர் வாடினர். வயிற்றைத் துளைக்காமலே உள்ளே நிகழ்வதைக் காண வழி பிறந்தபோது அம்முறை கைவிடப்பட்டது.

நீர்ப்பை நோயின் வரலாறு இதனினும் கடுமையான பாடமொன்றைக் கற்பிக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெருவழக்காயிருந்த சத்திரசிகிச்சை எளிமையானது. வீங்கிய பையை வெட்டி எடுக்காமல், அதனைக் குடலோடு இணைத்துப் பித்தம் வடிய வழி செய்துவிடுவர். மஞ்சள் நீங்கும், வலி தீரும், குழந்தை குணமடைந்ததென எழுதி வீட்டுக்கு அனுப்பப்படும். ஆண்டுகள் பல சென்றபின் அவர்களுட் சிலர் காய்ச்சலோடும் கல்லோடும் திரும்பி வந்தனர். வேறு சிலர் இளம் பராயத்திலேயே, உள்ளே விடப்பட்ட அப்பையிற் புற்றுநோய் முளைத்த நிலையில் வந்தனர். குணமானதென எழுதி மூடிவைத்த ஏட்டைத் திறந்து பார்த்தபோதுதான் பழைய சத்திரசிகிச்சையின் குறை தெரிந்தது. 1969இல் அமெரிக்கக் கதிர்ப்பட வைத்தியரான பாபிட், இந்நோயாளரின் படங்களை ஆராய்ந்து, பித்தக்கானும் கணையக்கானும் இயல்புக்கு மாறாக முன்கூட்டியே ஒன்றிணைவதையும், கணையநீர் பித்தக்கானுட் புகுந்து அதன் சுவரை அரிப்பதையும் காரணமாகக் காட்டினார். 1970களில் யப்பானிய வைத்தியர்கள் பையை முற்றாக வெட்டி எடுக்கும் முறைக்கு மாறினர். 1977இல் தொடானி வகுத்த பாகுபாடு இன்றும் கையாளப்படுகின்றது.

பை எடுக்கப்பட்ட பின்னரும் கதை முடிவதில்லை. குடலையும் கானையும் இணைத்த தையல் காலப்போக்கில் ஒடுங்கலாம். ஒடுங்கிய இடத்துக்கு மேலே கல் சேரலாம். எஞ்சிய கானின் துண்டிற் பத்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் புற்றுநோய் தோன்றியமை பதிவாகியுள்ளது. நான்கு வயதிற் சத்திரசிகிச்சை பெற்ற சிறுமியின் உடலில், அவள் இருபத்துநான்கு வயது நங்கையாகும்போது நிகழக்கூடியதை யார் பார்ப்பது? வரலாறு எழுப்பும் வினா இதுவே.

இனி, பார்க்கும் கருவிகளின் வரலாற்றுக்கு வருவோம். 1895இல் ரொண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். எலும்பைக் காட்டிய அக்கதிருக்குப் பித்தக்கான் புலப்படவில்லை. 1924இல் அமெரிக்கரான கிரஹமும் கோலும், ஈரல் தானே பித்தத்துடன் வெளியேற்றும் சாயமொன்றை உடலிற் செலுத்திப் பித்தப்பையைப் படத்தில் வீழ்த்தினர். 1937இல் ஹனோய் நகரில் பிரெஞ்சு வைத்தியர் ஹுவாரும் வியட்நாமிய வைத்தியர் தோ சுவான் ஹொப்பும், ஊசியைத் தோலினூடாக ஈரலுட் செலுத்திச் சாயமேற்றிப் பித்தக்கான்களைப் படம்பிடித்த செய்தியை வெளியிட்டனர். குடியேற்ற ஆட்சியின் கீழ் அடிமைப்பட்டிருந்த நாடொன்றிலே பிறந்த இம்முறை, மெல்லிய ஊசிகள் யப்பானின் சீபா நகரில் உருவாகிய 1970களிலேயே உலக வழக்காயிற்று. அறிவு வளர்வது மேற்கில் மட்டுமே என்று நம் பாடநூல்கள் தரும் எண்ணத்தைச் செண்டாயும் ஹனோயும் மறுத்து நிற்கின்றன.

ஆயினும் எக்ஸ் கதிரைக் குழந்தையின் மீது மீண்டும் மீண்டும் செலுத்துதல் தீதற்றதன்று. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டில் அலிஸ் ஸ்டூவர்ட் என்னும் பெண் வைத்தியர், குழந்தைகளை இழந்த தாய்மாரை வினவித் தகவல் திரட்டி, கருவிலிருக்கும்போது எக்ஸ் கதிருக்கு உட்பட்ட குழந்தைகளிடம் புற்றுநோய் மிகுந்திருப்பதை 1956இலும் 1958இலும் வெளியிட்டார். அதிகாரம் படைத்தோர் பலர் அவரைப் புறக்கணித்தனர். காலம் அவரை மெய்ப்பித்தது. கதிரில்லாமற் காணும் கண்ணொன்று தேவைப்பட்டது.

அக்கண் ஒலியிலிருந்து பிறந்தது. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்த அதே 1880ஆம் ஆண்டில், பாரிசில் கியூரி உடன்பிறப்புகள், சில பளிங்குகளை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். முதலாம் உலகப் போரில் போல் லாஞ்செவன் அப்பண்பைக் கொண்டு, செவிக்கு எட்டாத ஒலியைக் கடலிற் செலுத்தி, எதிரொலியால் நீர்மூழ்கிகளைத் துப்பறிய வழி கண்டார். பின்னாளில் நாசிகளாற் சிறைப்பட்டு, 1944இல் பிரான்சின் கம்யூனிஸ்டுக் கட்சியிற் சேர்ந்த பேரறிஞர் அவர். 1928இல் லெனின்கிராடில் சொக்கொலோவ் என்பார், அதே ஒலியால் உலோகத்தினுள்ளே மறைந்த வெடிப்பைக் காணலாம் என்றார். கொதிகலன் தொழிற்சாலைகளில் அக்கருவி இடம்பெற்றது. 1955ஆம் ஆண்டு கிளாஸ்கோவின் மகப்பேற்று வைத்தியர் இயன் டொனால்ட், அறுத்தெடுத்த கட்டிகளை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்றார். தொழிலாளர் இரும்பின் குறை காணப் பயன்படுத்திய கருவியில் அவற்றை வைத்துப் பார்த்தார். நீர்க்கட்டியும் தசைக்கட்டியும் வெவ்வேறு எதிரொலி தந்தன. பொறியியலாளர் டொம் பிரவுணும் வைத்தியர் மக்விகாரும் துணைநிற்க, 1958இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். இன்று நம்மவர் ‘ஸ்கான்’ என்று வாளா சொல்லும் கருவியின் குலமுறை இதுவே. போரிற் பிறந்து, பட்டறையில் வளர்ந்து, தாயின் வயிற்றில் வந்து நின்றது அது.

ஏனைய கருவிகளையும் சுருக்கமாகக் குறிப்போம். 1937இல் இத்தாலியிற் கண்டறியப்பட்ட டெக்னீசியம் என்னும் மூலகத்தின் ஒரு வடிவம் ஆறு மணி நேரத்திற் பாதியாகத் தேயும் கதிர்வீச்சுடையது. பித்தத்துடன் வெளியேறும் மருந்தொன்றோடு அதனை இணைத்து ஊசி மூலம் ஏற்றினால், ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகின்றதா என்பதை வெளியிலிருந்தே அறியலாம். 1970களின் நடுப்பகுதியில் இது வழக்கிற்கு வந்தது. 1991 தொடக்கம், காந்தப் புலத்தால் அசையா நீரை ஒளிரச் செய்து, சாயமும் ஊசியும் கதிரும் இன்றிப் பித்தக்கான்களின் கிளைகளை மரம் போலக் காட்டும் எம்.ஆர்.ஐ. முறை வளர்ந்தது. 2003இல், லாஞ்செவன் ஒருகாலத்திற் தலைமை தாங்கிய அதே பாரிஸ் கல்விநிலையத்தின் ஆய்வுகூடத்திலிருந்து, ஈரலினூடாகச் சிறு அதிர்வைச் செலுத்தி அதன் வேகத்தை அளந்து ஈரலின் கெட்டித்தன்மையைக் கணிக்கும் கருவி வெளிவந்தது. ஈரல் கெட்டியாக ஆக அதிர்வு விரைந்து செல்லும்.

இக்கருவிகளால் வைத்தியர் தேடுவன யாவை? கசாய் முறை பெற்ற குழந்தைக்கு ஈரலினுள்ளே பித்தக் குட்டைகள் உண்டா, மண்ணீரல் பருக்கின்றதா, குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் பெருநாளத்தில் இரத்தம் நேர்த்திசையில் ஓடுகின்றதா, வயிற்றில் நீர் கோக்கின்றதா, ஈரலிற் கட்டி முளைக்கின்றதா என்பனவற்றை ஸ்கான் காட்டும். நீர்ப்பை அகற்றப்பட்டோருக்குத் தையலிடம் ஒடுங்கியுள்ளதா, கான் வீங்குகின்றதா, கல் உண்டா எனப் பார்ப்பர். ஐயம் எழுந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கப்படும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. குடலோடு கானை இணைத்த பின்னர், குடலிலுள்ள வாயு கானுக்குள் ஏறுவது இயல்பு. அவ்வாயு ஸ்கானில் ஒளிர்ந்து, கல்லென்ற மயக்கத்தைத் தரும். சென்ற ஆண்டின் படம் அருகிலிருந்தால் தேர்ந்த கண் வேறுபாட்டை அறியும். படம் இல்லையேல் தேவையற்ற அச்சமோ, தேவையான அச்சமின்மையோ விளையும். ஆதலால் பின்தொடர் பார்வை என்பது இயந்திரம் ஒன்றால் அமைவதன்று. ஒரே குழந்தையின் ஏடு ஆண்டாண்டாகத் தொடர்ந்து பேணப்பட வேண்டும். அந்த ஏட்டோடு குழந்தையும் ஆண்டாண்டாக வந்துசேர வேண்டும். முன்னது நிர்வாகத்தின் கடன். பின்னது சமூக வாழ்வின் கடன்.

இவ்விடத்தில் நாம் மீண்டும் மாத்தளைக்கு வருவோம். இம்மாவட்டத்தின் கோப்பியும் தேயிலையும் கொக்கோவும் யாருடைய உழைப்பால் விளைந்தன என்பது வாசகர்கள் அறிந்ததே. மன்னாரிலிருந்து வடபாதை வழியே நடந்து வந்த தென்னிந்தியத் தொழிலாளர், வழியெல்லாம் பிணமாகி வீழ்ந்து, எஞ்சியோர் மாத்தளையில் வந்து சேர்ந்தனர். தோட்டப் பகுதிகளுக்கான மருத்துவத் தேவைச் சட்டம் 1872இலேயே இயற்றப்பட்டது. ஆயினும் அதனால் உருவான ஏற்பாடு, தொழிலாளியை உழைக்கும் கையாகவே கருதியது. காய்ச்சல் தணிந்து மலையேறினாற் போதும் என்பதே அதன் இலக்கணம். ஆயுள் முழுவதும் ஒரு குழந்தையைப் பின்தொடர்வதென்னும் எண்ணம் அந்த இலக்கணத்துக்கு அந்நியமானது.

மறுபுறத்தில், இந்நாட்டு மக்கள் போராடிப் பெற்றவையும் உண்டு. 1934–35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் இடதுசாரி இளைஞர்கள் கிராமம் கிராமமாக மருந்தும் உணவும் சுமந்து சென்றனர். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1951இல் அரசினர் வைத்தியசாலைகளிற் கட்டணம் ஒழிந்தது. வீடுதோறும் செல்லும் மருத்துவிச்சியின் சேவை, செல்வம் மிகுந்த நாடுகளும் மதிக்கத்தக்க ஒன்று. 1962இல் பேராதனையில் மருத்துவ பீடம் தோன்றியது. இன்று அங்கே சிறுவருக்கென விசேட வைத்தியசாலையும் உண்டு. இலவசம் என்ற ஒரு சொல் எத்தனை பித்தக்கான் குழந்தைகளை உயிரோடு வைத்துள்ளது என்பதை மறத்தல் நன்றியற்ற செயலாகும்.

ஆனால் தோட்டங்களின் சுகாதாரம் நீண்ட காலம் இந்தப் பொது ஏற்பாட்டுக்கு வெளியே நின்றது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்களின் மருந்துச்சாலை, தோட்ட நிர்வாகத்தின் தயவிலேயே இயங்கியது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகள் சுகாதார அமைச்சின் கீழ் வந்தது படிப்படியாகவே.

சத்திரசிகிச்சை இலவசம், ஸ்கானும் இலவசம். பல்லேபொலயிலிருந்து மாத்தளைக்கும், அங்கிருந்து கண்டிக்கும் பேராதனைக்கும் போகும் பஸ் இலவசமன்று. கிளினிக்குக்குப் போகும் தாய்க்கு அன்றைய ‘பேர்’ விழுவதில்லை, சம்பளம் இல்லை. முதல் நாள் இரவே புறப்பட்டுத் தங்குவோருக்கு இரு நாட்கள் போகும். மற்றைய பிள்ளைகளைப் பார்ப்பார் வேண்டும். குழந்தை ஓடியாடித் திரிகின்றது, மஞ்சளும் இல்லை, வடுவும் ஆறிவிட்டது. இந்நிலையில் ஒரு கிளினிக் தவறுகின்றது, அடுத்ததும் தவறுகின்றது. இதனை அறியாமை என்று பழிப்போர், ஏழையின் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். 2022இல் நாட்டின் கருவூலம் வற்றியபோது, எரிபொருளுக்கான வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் ஒருங்கே வந்தன; பேராதனைப் போதனா வைத்தியசாலையிற் கூடத் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் அவ்வாண்டு மார்ச்சில் நிறுத்திவைக்கப்பட்டன. வெளிநாட்டுக் கடனின் வட்டிக்கும் ஒரு குழந்தையின் ஸ்கானுக்கும் உள்ள தொடர்பு அன்று எவருக்கும் விளங்கியிருக்கும்.

மொழியும் ஒரு தடையே. கிளினிக் கொப்பியில் எழுதப்படுவது ஆங்கிலம். வாயிலிற் கூறப்படுவது பெரும்பாலும் சிங்களம். தாய் அறிந்தது தமிழ். 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றது. படத்தின் முடிவை விளக்கும் நான்கு வரித் துண்டு ஒன்றுக்கு அது இன்னும் முழுமையாக எட்டவில்லை. தமிழில் மருத்துவம் கூற இயலாதென்போர் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், உடற்கூறும் சத்திரசிகிச்சையும் தமிழிற் கற்பித்தார். தமிழ் மருத்துவ நூல்களை அச்சிட்டார். முப்பதுக்கு மேற்பட்டோரைத் தமிழிலேயே வைத்தியராக்கினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இயன்றது இன்று இயலாதெனின், குறை மொழியினிடத்தன்று.

மலிவான கருவி எத்துணை பயன்தரும் என்பதற்குத் தாய்வான் சான்று. மலத்தின் இயல்பு நிறங்களையும் நோய் நிறங்களையும் அச்சிட்ட அட்டையைத் தாய்மாரிடம் கொடுக்கும் முறை யப்பானில் தொடங்கியது. 2004 முதல் தாய்வான் அதனை நாடு முழுவதற்கும் விரித்தது. குழந்தைகள் முன்னதாகக் கண்டறியப்பட்டனர். 60 நாட்களுக்குள் சத்திரசிகிச்சை பெற்றோரின் தொகை உயர்ந்தது. அச்சிட்ட அட்டை, தாயின் கண், அவள் சொன்னதை நம்பிச் செயற்படும் சுகாதார ஊழியர்: இம்மூன்றுமே அதற்கு வேண்டியிருந்தன.

பின்தொடர் பார்வை பயனளிக்கும் மற்றோர் இடம் ஈரல் மாற்றம். 1963இல் அமெரிக்காவின் டென்வரில் தோமஸ் ஸ்டார்சல் மனிதருக்குச் செய்த முதலாவது ஈரல் மாற்றம், பித்தக்கான் அடைப்புற்ற குழந்தையொன்றுக்கே, அக்குழந்தை பிழைக்கவில்லை. 1989இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், யப்பானியத் தாயொருத்தியின் ஈரலில் ஒரு பகுதி அவள் மகனுக்குப் பொருத்தப்பட்டது, அவன் பிழைத்தான். 1998 நவம்பரில் டெல்லியில், தமிழ்நாட்டின் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இதே நோயுற்ற ஒன்றரை வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தந்தையின் ஈரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் குழந்தை ஈரல் மாற்றம் அதுவே. அக்குழந்தை வளர்ந்து பிற்காலத்தில் வைத்தியரானார். ஈரல் கெடுவதை உரிய காலத்திற் கண்டால் தந்தையரும் தாயரும் தம் உடலையே பகிர்ந்தளிக்க வழியுண்டு. காணாவிடின் அவ்வன்புக்கும் வேலையில்லை.

இறுதியாக, நம் போன்ற ஆசிரியர்களும், ஆசிரியராகவிருக்கும் மாணவர்களும் எண்ண வேண்டிய ஒன்றுண்டு. இக்குழந்தைகள் பிழைத்தெழுந்தால் வந்து சேருமிடம் நம் வகுப்பறை. வயிற்றின் குறுக்கே வடுவுடைய பிள்ளை ஆண்டுக்குச் சில நாட்கள் வராதிருப்பது சோம்பலாலன்று. அந்நாளை வரவுப் பதிவேட்டிற் குற்றமாக எழுதுதல் தகாது. மாறாக, கிளினிக் நாள் எப்போதென நாமே கேட்டு நினைவூட்டல் வேண்டும். மண்ணீரல் பருத்த பிள்ளையை, வயிற்றில் அடிபடும் விளையாட்டுக்கு வற்புறுத்துதல் ஆபத்து. காய்ச்சலோடு கண் மஞ்சளானால் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். நாளை என்பது அங்கில்லை.

எல்லாவற்றினும் பெரிதாகக் கவனிக்க வேண்டியது பள்ளியை விட்டு நீங்கும் காலம். சிறுவர் கிளினிக் முடிந்து, பராயமடைந்தோர் பிரிவு தொடங்க வேண்டிய அதே வயதில்தான் நம் மாணவியர் கொழும்பின் ஆடைத் தொழிற்சாலைக்கும், வளைகுடா நாடுகளின் அடுக்களைக்கும் புறப்படுகின்றனர். நீர்ப்பை நோய் பெண்களையே மிகுதியும் பற்றுவதென முன்னர் கூறினோம். குழந்தைப் பருவத்தில் அரசு செலவிட்டுக் காப்பாற்றிய உயிர், இளமையில் கூலியுழைப்பின் சந்தையில் ஏடும் முகவரியும் இழந்து மறைந்து போகின்றது. அந்த ஏடு அவளோடு செல்ல வேண்டும். அவள் உழைக்கும் இடத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு கிளினிக் விடுமுறை அவளுடைய உரிமையாக வேண்டும். படத்தின் முடிவு அவள் மொழியில் அவள் கையில் இருக்க வேண்டும். தோட்டத் தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வுக்கு அடுத்த வரியாக இதனை எழுதலாம். ஆசிரியர் சங்கத்தின் தீர்மானத்திலும் இதற்கு இடமுண்டு.

செண்டாயில் ஒரு வைத்தியர் நார்த்திரளைச் சீவியபோது, திருத்த இயலாதோர் என்ற சொல் பொய்யாயிற்று. அச்சொல்லின் இடத்தில், தேடிப்பிடிக்க இயலாதோர் என்ற புதிய சொல்லை நம் ஏடுகளில் எழுத இடமளிக்கலாகாது.